சேமிப்புச் சேவையகத்திற்கு மின்வழங்கி தெரிதல்

குடும்பப் படங்களையும் பழைய சஞ்சிகைகளின் பிரதிகளையும் காத்தற்பொருட்டு வீட்டிலே வலையமைப்புச் சேமிப்புச் சேவையகம் அமைப்போர், ‘வாற்று மிகுந்த மின்வழங்கியே சிறந்தது’ என எண்ணுதல் இயல்பு. அஃது உண்மையன்று.

நான்கு வன்தட்டுக்கள் உடைய சேவையகமொன்றை எடுத்துக்கொள்வோம். 3.5 அங்குல வன்தட்டு, சுழலத் தொடங்கும் சில வினாடிகளில், 12 வோல்ற்றில் ஏறத்தாழ 2 அம்பியர் மின்னோட்டத்தை, அதாவது 24 வாற்று வலுவை, வேண்டும். நான்கிற்கும் 96 வாற்று. தாய்ப்பலகை முதலியவற்றிற்கு 60 வாற்று எனக் கொண்டால் மொத்தம் 156 ஆகும். சுழற்சி நிலைபெற்றபின் தட்டொன்றிற்கு 5 முதல் 8 வாற்றே போதும். எனவே 300 வாற்று மின்வழங்கி தாராளமாய் அமையும். 750 வாற்று வழங்கியோ, இரவுபகலாக அதன் ஏறத்தாழப் பத்திலொரு பங்குச் சுமையில் இயங்கி, வினைத்திறன் குன்றி, மின்னை வெப்பமாக வீணாக்கும்.

ஆயினும், மலிவு கருதித் தரமற்றதை வாங்குதல் பெருந்தவறு. அதன் மின்னழுத்தம் கட்டுமீறினால் நான்கு தட்டுக்களும் ஒருங்கே அழியலாம். ஒன்றிலுள்ளதை மற்றொன்றிற் பிரதிசெய்து வைத்ததும் அப்போது உதவாது. ஆதலின் தேவையை முதலிற் கணிப்போம். மிகையழுத்தக் காப்பு உண்டோவென அடுத்து நோக்குவோம். அருமையானவற்றின் பிரதியொன்றை வேறிடத்திலும் வைப்போம்.