காபி கிரைண்டர் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படி!

50,000 ரூபாய்க்கு மேல போட்டு வாங்கின காபி கிரைண்டர் திடீர்னு உறுமிட்டு நின்னா வயித்தைக் கலக்கத்தான் செய்யும். கம்பெனி இத்தாலியில இருக்கு, வாங்கிட்டு வந்த மச்சான் நியூஜெர்சியில இருக்கார், இங்கே சர்வீஸ் சென்டர் இருக்கான்னே தெரியலை. ஆனா கண்ணு, ஒண்ணை மனசுல வெச்சுக்கோ. அந்த மெஷினுக்குள்ள பழுதாகற சாமான்ல நிறைய நம்ம ஊர்க் கடைத்தெருவுலயே கிடைக்கும். கம்பெனிகிட்ட இருந்தே வந்தாகணும்கிறது கொஞ்சம்தான். எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா காசும் மிச்சம், காத்திருக்கிற நாளும் மிச்சம்.

முதல்ல காதால கேளு. சுவிட்சைப் போட்டதும் என்ன சத்தம் வருதுன்னு கவனிச்சு, சின்னதா ஒரு வீடியோ எடுத்துக்கோ. உடனே நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிடு. மெக்கானிக்குக்கும் கம்பெனிக்கும் அந்த வீடியோ ரொம்பப் பேசும்.

உறுமுது, ஆனா சுத்தலைன்னா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பர்ருக்கு நடுவுல ஏதோ சிக்கியிருக்கு. (கொட்டையை அரைக்கிற, பல் வெச்ச இரும்பு வட்டத்தைத்தான் பர்னு சொல்றோம்.) காபிக்கொட்டையோட சின்னக் கல் வர்றது உண்டு. கொட்டை போடற கூம்பைக் கழட்டி, மேல் பர்ரை எடுத்து, பிரஷ்ஷாலயும் வாக்குவம் கிளீனராலயும் சுத்தம் பண்ணிப் பாரு. அதுலயும் சரியாகலைன்னா அடுத்தது கெப்பாசிட்டர். இண்டக்‌ஷன் மோட்டார் வெச்ச மெஷின்ல இது அடிக்கடி போறதுதான். சீலிங் ஃபேனுக்கு மாத்தற எலக்ட்ரீஷியனே இதையும் மாத்திடுவார். பழசு மேல அச்சடிச்சிருக்கிற மைக்ரோஃபாரட் எண் அப்படியே இருக்கணும். வோல்ட் எண் கூட இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். அதனால இந்த வேலையை நீயே செய்யாதே.

மோட்டார் நல்லா ஓடுது, பர் மட்டும் சுத்தலைன்னா கியர் பல் தேஞ்சு போயிருக்கும். இது கம்பெனிச் சாமான், ஆர்டர் பண்ணித்தான் ஆகணும். நல்லா அரைச்சுக்கிட்டு இருந்தது சட்டுனு அமைதியாயிட்டா பயப்படாதே. சூடேறி உள்ளே இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியிருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டுப் பாரு. கிரீச்சுனு சத்தம் வந்தா பேரிங் மேல சந்தேகப்படு.

பேரிங் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். இங்கேதான் நிறைய பேர் வீணா வெளிநாட்டுக்கு ஆர்டர் போடறாங்க. பேரிங் ஓரத்துல நம்பர் குத்தியிருக்கும். 608னு இருந்தா உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 22, தடிமன் 7. 6001னா 12, 28, 8. உலகம் பூரா இந்த நம்பருக்கு இதே அளவுதான். நம்பருக்குப் பின்னாடி இசட் இசட்னு இருந்தா ரெண்டு பக்கமும் தகடு மூடி, 2ஆர்எஸ்னு இருந்தா ரப்பர் மூடி. பழைய பேரிங்கைக் கையில எடுத்துக்கிட்டு சென்னை பாரிமுனைப் பக்கமோ, உங்க ஊர்ல பம்பு செட் சாமான் விக்கிற கடைக்கோ போய், "அண்ணே, இதே நம்பர், நல்ல கம்பெனியா குடுங்க"ன்னு கேளு. காபி மெஷினுக்குன்னு சொல்லவே வேண்டாம்.

சுவிட்ச், ஃபியூஸ், வயர், ஸ்க்ரூ எல்லாமே இந்த வகைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சுவிட்சைக் காட்டினா அதே அளவுல எடுத்துத் தருவாங்க. ஆம்பியர் அளவை மட்டும் சரிபார்த்துக்கோ. மோட்டார் காயில் எரிஞ்சு போனாலும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதே. ரீவைண்டிங் பட்டறை நம்ம ஊர்கள்ல நிறைய இருக்கு. அதுலயும் கோயம்புத்தூர்னா கேட்கவே வேண்டாம். மோட்டாரும் பம்பும் வெட் கிரைண்டரும் செஞ்சே பேர் வாங்கின ஊர். கோவை வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு. ஆனா பட்டறைக்கு முழு மெஷினையும் தூக்கிக்கிட்டுப் போகாதே. பர்ரையும் அதோட தாங்கியையும் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு, மோட்டாரை மட்டும் கொண்டு போ. கழட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் எதோட சேர்ந்திருந்ததுன்னு மார்க்கர்ல கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோ. "பவுடர் படற இடத்துல வண்டி கிரீஸ் போடாதீங்கண்ணே"ன்னும் சொல்லிடு. அந்த இடத்துக்கு உணவுக்கு ஆகற கிரீஸ்தான் போடணும், அதுவும் துளியூண்டு.

ஆள் தெரியலையா? உங்க தெருக்கோடி காபித்தூள் கடைக்குப் போ. அவங்க அரவை மெஷின்லயும் இதே மாதிரி பர்தான் சுத்துது, அதுவும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும். அதை யாரு சர்வீஸ் பண்றாங்கன்னு கடைக்காரரைக் கேளு. அந்த மெக்கானிக்குக்கு உன் மெஷினோட பேர் தெரியாம இருக்கலாம். ஆனா பர் இடைவெளி, பேரிங், மோட்டார் எல்லாம் கைப்பழக்கம். என்னைக் கேட்டா, மிக்சி ரிப்பேர் பண்றவரைவிட இவர்கிட்ட போறதுதான் புத்திசாலித்தனம்.

இப்போ கம்பெனிச் சாமான்கள். பர், பர் தாங்கி, கியர், சிலிக்கோன் வாஷர், கண்ட்ரோல் போர்டு. இதுல பர் மாத்தணும்னு யாராவது சொன்னா அவசரப்படாதே. வீட்டுல தினம் 30 கிராம் அரைச்சா வருஷத்துக்கு 11 கிலோகூட ஆகாது. நல்ல எஃகு பர் நூத்துக்கணக்கான கிலோ அரைக்கும். அதனால ரெண்டு மூணு வருஷத்துல பர் தேஞ்சுடுச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். பொடி ஒரே சீரா வரலைன்னா பர்ரைக் கழட்டி, அது உட்கார்ற இடத்தைத் துடைச்சுப் பாரு. அடியில பழைய தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே பர் சாஞ்சு உட்காரும். திரும்பப் பூட்டும்போது மரை மாறி ஏறிடக் கூடாது. முதல்ல எதிர்ப்பக்கமா மெதுவாத் திருப்பு, 'டக்'னு ஒரு இறக்கம் கைக்குத் தெரியும், அங்கேயிருந்து முறுக்கு. நிஜமாவே தேஞ்சிருந்தா புதுசுதான் வாங்கணும். சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுத்துடாதே, பல்லோட கோணமே போயிடும்.

பர் வாங்கும்போது பிராண்டைவிட அளவு முக்கியம். தட்டையா கூம்பா, வெளி விட்டம், தடிமன், ஸ்க்ரூ ஓட்டை இடைவெளி, எந்தப் பக்கம் சுத்துதுங்கிறது, இவ்வளவும் எழுதி வெச்சுக்கோ. நிச் ஸீரோ கிரைண்டருக்குள்ள இருக்கிற 63 மி.மீ. கூம்பு பர், மாஸர் கம்பெனியோடதுதான். மாஸர் சூப்பர் ஜாலி, டிஎஃப்64 மாதிரி மெஷின்கள்ல 64 மி.மீ. தட்டை பர். அந்த அளவுல கொரியாவோட எஸ்எஸ்பி கம்பெனியும் பர் செய்யுது. ஒரு வாசல் மூடியிருந்தா இன்னொரு வாசல் இருக்கு.

ஸ்பேர் விஷயத்துல நான் மதிக்கிற பேர் பராட்ஸா. சியாட்டில் பக்கத்துல 1999ல ஆரம்பிச்ச கம்பெனி. 2020ல பிரெவில் அதை வாங்கிடுச்சு. அவங்க என்கோர் மாடல்ல மேல் பர்ரைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் வளையத்துக்குச் சின்னச் சின்னக் காது இருக்கும். கல் சிக்கினா மோட்டாரும் கியரும் கெடாம, அந்தக் காது முதல்ல உடையணும்னே செஞ்சிருக்காங்க. எவ்வளவு திருப்பினாலும் பொடி நைசா வரலைன்னா அந்தக் காதைப் பாரு. அந்த வளையத்தைத் தனியா விக்கிறாங்க, மாத்த ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். விலை கூடின மெஷின்லதான் இப்படி யோசிப்பாங்கன்னு இல்லை. இது அவங்க ஆரம்ப மாடல்.

கம்பெனிக்கு எழுதும்போது கதை எழுதாதே. மாடல் பேர், சீரியல் நம்பர், அடியில ஒட்டியிருக்கிற வோல்டேஜ் ஸ்டிக்கர் போட்டோ, பில், அந்த வீடியோ. உள்பாகங்களைப் பிரிச்சுக் காட்டற படத்தை அனுப்பச் சொல்லி, அதுல இருக்கிற பார்ட் நம்பரை வெச்சே கேளு. 230 வோல்ட் மாடலுக்கும் அதே சாமான்தானான்னு கட்டாயம் கேளு. சிலிக்கோன் வாஷர், ஸ்பிரிங் மாதிரி சில்லறைச் சாமானையும் அதோட சேர்த்து வரவழைச்சுடு. ஒரு வாஷருக்காகத் தனியா கூரியர் கூலியும் சுங்க வரியும் கட்டினா, சாமான் விலையைவிட அதுவே கூட ஆகும். "கிஃப்ட்னு எழுதி அனுப்புங்க"ன்னு கேட்காதே. 2019 டிசம்பர்ல கிஃப்ட்டுக்கு இருந்த வரிச் சலுகையை எடுத்துட்டாங்க, ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான் விட்டு வெச்சாங்க. உண்மையான விலையைப் போட்டு 'காபி கிரைண்டர் உதிரி பாகம்'னு எழுதச் சொல்லு. ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க இருந்தா அவங்ககிட்ட கொடுத்து விடச் சொல்றது இன்னும் நல்லது. பர் கூர்மையா இருக்கும், கைப்பையில வேண்டாம், செக்-இன் பெட்டியில வைக்கச் சொல்லு.

அமெரிக்காவுல வாங்கின மெஷினா? அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டு 230 வோல்ட்ல நேரா சொருகினா மோட்டார் போயிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இண்டக்‌ஷன் மோட்டார்னா ஆறுல ஒரு பங்கு மெதுவா சுத்தும், சூடும் கூட ஏறும். கிளம்பற நேரத்துல மோட்டார் கரண்டை நிறைய இழுக்கும், அதனால டிரான்ஸ்ஃபார்மர் மோட்டார் வாட்டைப்போல ரெண்டு மடங்காவது தாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடின்னா, 230 வோல்ட் மாடலே வாங்கு. ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பாக்காதே.

கண்ட்ரோல் போர்டு போய், அந்த மாடலே நின்னு போச்சுன்னாலும் ஒரு வழி இருக்கு. நல்ல எலக்ட்ரீஷியன் போர்டை விட்டுட்டு, மோட்டாருக்கு நேரா ஒரு சுவிட்ச் வெச்சுத் தருவார். டைமர் இருக்காது, ஆனா அரைக்கும். எர்த் வயரையும் சூடு பாதுகாப்பையும் மட்டும் எடுத்துடக் கூடாது. மூடி, குமிழ், தூள் கொட்டற வாய் உடைஞ்சா முப்பரிமாண அச்சுக் கடையில செஞ்சுக்கலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலயே இளகிடும், பிஇடிஜியில கேளு. இரும்புக் குமிழ், தண்டுன்னா லேத் பட்டறை.

நம்ம வீட்டுப் பழக்கம் சிலது இந்த மெஷினுக்கு ஆகாது. மிக்சியில போடற மாதிரி அரிசி போட்டு சுத்தம் பண்ணாதே, பச்சரிசி வறுத்த கொட்டையைவிடக் கெட்டி. மிளகு, தனியா வேண்டவே வேண்டாம். சிக்கரியை இதுல போடாதே. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுன்னு பர்ல ஒட்டிக்கும். அரைச்ச பிறகு தூளோட கலந்துக்கோ. எஃகு பர்ரைத் தண்ணியில கழுவாதே, கடலோர ஊர்ல ராத்திரிக்குள்ள துரு பிடிக்கும்.

புதுசா வாங்கப் போறியா? கம்பெனியோட ஸ்பேர் பட்டியலைத் தேடி, இருக்கறதுலயே சின்ன சாமான், ஒரு வாஷர், தனியா விக்கிறாங்களான்னு பாரு. வித்தா வாங்கு. இல்லைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன். வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரண்ல வை, என்னிக்காவது சர்வீஸுக்கு அனுப்ப அதுதான் வேணும். இந்தியாவுல பில்லோட வாங்கி, வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடிச்சா எழுத்துல ஒரு புகார் கொடு. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு பில்லைக் கையில வெச்சுக்கிட்டு போன் பண்ணு.