திரையின் விளிம்பும் தீவின் நினைவும்

நுழையும்முன்

போர் விமானம் பறக்கும் பழைய வீடியோ விளையாட்டுகளைப் பலரும் ஆடியிருப்பர். அவ்விளையாட்டுகள் எவ்வாறு இயங்குகின்றன? அவை காட்டும் போர் நடந்த காலத்தில் அந்தமான் வானில் என்ன நிகழ்ந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவது இப்பாடம்.

நகர்வது எது?

பழைய வீடியோ விளையாட்டுகளுள் ஒரு வகை, பக்கவாட்டில் நகரும் சுடும் விளையாட்டு. திரையின் இடப்பக்கத்தில் சிறியதொரு விமானம் தோன்றும். ஆடுபவர் அதனை மேலும் கீழும் செலுத்தி, எதிர்ப்படும் விமானங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மலை, கடல், பீரங்கி, எண்ணெய்த் தொட்டி ஆகியவை வலப்பக்கத்திலிருந்து வந்து இடப்பக்கத்தில் மறையும். விமானம் விரைந்து பறப்பதாகக் கண் நம்பும். உண்மையில் அது திரையின் ஒரு பகுதியை விட்டு அதிகம் விலகுவதில்லை. நிலந்தான் பின்னோக்கி நகர்த்தப்படுகிறது.

அந்தமான் நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால், சாலையோரப் பாக்கு மரங்கள் விரைந்து பின்னே ஓடும். தொலைவிலுள்ள மலை மெல்ல நகரும். இவ்வேறுபாட்டைக் கொண்டு மனம் தொலைவை உணர்கிறது. விளையாட்டை அமைத்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அருகிலுள்ள மரங்களை ஓர் அடுக்கிலும் தொலைவிலுள்ள மலைகளை மற்றோர் அடுக்கிலும் வரைந்தனர். முன்னதை விரைவாகவும் பின்னதை மெதுவாகவும் நகர்த்தினர். தட்டையான திரையில் ஆழம் தோன்றியது.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்கிராம்பிள்’ இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. அதில் விமானத்தின் எரிபொருள் குறைந்துகொண்டே வரும். தரையிலுள்ள எரிபொருள் தொட்டியைத் தகர்த்தால் அளவு மீண்டும் உயரும். 1984ஆம் ஆண்டு கேப்காம் நிறுவனம் ‘1942’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இதில் நிலம் மேலிருந்து கீழாக நகரும். கேப்காம் ஜப்பானிய நிறுவனமே ஆயினும், ஆடுபவர் ஓட்டுவது அமெரிக்க விமானம். வீழ்த்துவது ஜப்பானிய விமானங்களை. 1988ஆம் ஆண்டு ஜலேகோ நிறுவனம் வெளியிட்ட ‘பி-47’ என்னும் விளையாட்டு, இரண்டாம் உலகப் போரின் தண்டர்போல்ட் விமானத்தைப் பக்கவாட்டில் நகரும் திரைக்குக் கொண்டுவந்தது.

விளிம்பைக் கடந்தவை

அக்காலப் பொறிகளின் நினைவகம் மிகச் சிறியது. தோன்றிய அனைத்தையும் அதில் வைத்திருக்க இயலாது. ஆகவே, ஒரு பொருள் இடப்பக்க விளிம்பைக் கடந்தவுடன் நிரல் அதனை நீக்கிவிடும். அந்த இடத்தை அடுத்து வரும் பொருளுக்கு அளிக்கும். வீழ்ந்த விமானத்தில் இருந்தவர் யார், எரிந்த கட்டடத்தில் எவர் வாழ்ந்தார் என்று திரை கூறுவதில்லை. ஆடுபவரின் விமானம் வீழ்ந்தாலும் கவலையில்லை. மற்றோர் ‘உயிர்’ காத்திருக்கும்.

இது விளையாட்டின் குற்றமன்று. சிறிய நினைவகத்தைக் கொண்டு பெரிய உலகத்தைக் காட்ட அறிஞர் கண்ட வழி அது. ஆனால், அந்த வழியாகவே போரை அறிந்துகொண்டவர் போரின் பாதியை மட்டுமே அறிந்தவராவார்.

1942: ஓர் ஆண்டின் பெயர்

விளையாட்டின் தலைப்பாக நின்ற 1942, அந்தமான் தீவுகளின் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் கரையிறங்கியது. துறைமுகத்தில் ஜப்பானியரின் கடல் விமானங்கள் வந்து தங்கின. இவ்விமானங்கள் நீரின்மீதே இறங்கி, நீரிலிருந்தே எழும்பக் கூடியவை. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க அவை பயன்பட்டன.

ஏப்ரல் மாதத்தில் பிரிட்டிஷ் வான்படையின் ஹட்சன் விமானங்கள் பர்மாவின் அக்யாப் நகரிலிருந்து புறப்பட்டுவந்து அக்கடல் விமானங்களைத் தாக்கின. அக்யாப் போர்ட் பிளேருக்கு வடக்கே 900 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வந்த தொலைவு முழுவதையும் கடலின்மேல் பறந்தே மீள வேண்டும். ‘ஸ்கிராம்பிள்’ விளையாட்டைப் போல வழியில் எரிபொருள் பெற வாய்ப்பில்லை. இரண்டாம் ‘உயிரும்’ இல்லை.

அதே ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அச்செய்தி கேட்டுச் சென்னை மக்கள் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். இரயில்கள் நிரம்பி வழிந்தன. இன்று அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோருள்ளும் வானை அஞ்சிப் பார்த்தோர் இருந்திருக்கலாம்.

வானில் விமானம், நிலத்தில் மக்கள்

போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் ஜப்பானியர் விமான ஓடுதளம் அமைத்தனர். உள்ளூர் மக்கள் அங்கு வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்பட்டனர். 1943 டிசம்பர் 29ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் போர்ட் பிளேர் வந்தார். மறுநாள் அங்கு மூவண்ணக் கொடியை ஏற்றினார். அதே தீவில், அக்காலத்திலேயே, மற்றொரு துயரமும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

நேச நாட்டு விமானங்கள் அவ்வப்போது வந்து குண்டு வீசின. கப்பல்களும் தாக்கப்பட்டன. தங்கள் நிலைகளை எதிரிக்கு யாரோ காட்டிக்கொடுக்கின்றனர் என்று ஜப்பானியர் ஐயுற்றனர். ஆங்கிலேயர் அனுப்பிய சிறு உளவுக் குழு 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மறைவாகக் கரையிறங்கியிருந்தது. ஆயினும், ஐயம் விழுந்தது ஊர் மக்கள்மீது. மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் காலேபானி செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, 1944 சனவரி 14ஆம் நாள் உயிர்நீத்தார். பதினாறு நாள்களுக்குப் பின், சனவரி 30ஆம் நாள், ஹம்ஃபிரிகஞ்ச் என்னும் இடத்தில் 44 பேர் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டு சூன் 21ஆம் நாள் ‘இல்லஸ்ட்ரியஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பாரகுடா, கோர்செயர் விமானங்கள் எழுந்து போர்ட் பிளேரைத் தாக்கின. மேலே பறந்தோர் ஓடுதளத்தையும் துறைமுகத்தையும் கண்டனர். கீழே இருந்த மக்களோ விமானத்துக்கும் அஞ்சினர். அது சென்றபின் வரும் விசாரணைக்கும் அஞ்சினர். போரின் இறுதியில் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1945 அக்டோபரில்தான் ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றது.

இரு நினைவகங்கள்

‘நினைவகம்’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கணிப்பொறி செய்திகளைச் சேர்த்துவைக்கும் பகுதி ஒன்று. மறைந்தோரை மக்கள் நினைவுகூரும் இடம் மற்றொன்று. முதலாவது, விளிம்பைக் கடந்ததை நீக்குகிறது. விளையாட்டு தொடர வேண்டுமெனில் அது நீக்கியே ஆக வேண்டும். இரண்டாவது, கடந்துபோனதைக் காக்கிறது.

ஜப்பானியர் ஓடுதளம் அமைத்த லம்பா லைனில் இன்று வீர சாவர்க்கர் விமான நிலையம் உள்ளது. சென்னையிலிருந்து விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள் இறங்குவதும் அங்கேதான். கடற்கரைச் சாலையோரங்களில் ஜப்பானியர் கட்டிய காவல் அரண்கள் இன்றும் நிற்கின்றன. ஹம்ஃபிரிகஞ்சில் அந்த 44 பேருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

விளையாட்டை விளையாட்டாக ஆடலாம். அதன் நுட்பத்தை வியக்கலாம். ஆடி முடித்தபின், திரையின் கீழ்ப்பகுதியில் ஓடி மறைந்த அச்சிறு கட்டடங்களைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். போர்ட் பிளேரில் அத்தகைய கட்டடங்களில் மக்கள் வாழ்ந்தனர்.

சொற்பொருள்

நிரல் – கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி
ஐயுறுதல் – சந்தேகித்தல்
ஒற்றர் – மறைவாகச் செய்தி அறிந்து சொல்வோர்
அரண் – பாதுகாப்புக் கட்டடம்
ஓடுதளம் – விமானம் ஏறி இறங்கும் பாதை

கற்பவை கற்றபின்

1. திரையில் விமானம் விரைந்து பறப்பது போலத் தோன்றுவது எவ்வாறு?
2. தொலைவிலுள்ள மலையை மெதுவாக நகர்த்துவதன் பயன் யாது?
3. ஹட்சன் விமானங்களின் பயணம் ‘ஸ்கிராம்பிள்’ விளையாட்டிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
4. வான்தாக்குதலால் ஊர் மக்கள் இருவகை அச்சத்துக்கு உள்ளாயினர். விளக்குக.
5. ‘நினைவகம்’ என்னும் சொல்லை அதன் இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
6. வீட்டிலுள்ள பெரியோரிடம் போர்க்காலம் பற்றி அவர்கள் கேட்டறிந்த செய்தியைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.