உயர்மலைப் பயணமும் உடல்நலமும்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் முதலில் கற்ற விதி. இப்பாடத்தையும் அவ்வாறே தொடங்குவோம்.

உதகைக்கு நம்மில் பலர் சென்றிருப்போம். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்குக் குளிரை உணர்கிறோம். வேறு துன்பம் பெரும்பாலும் நேர்வதில்லை. ஆனால் லடாக்கிலுள்ள லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலை வலம் வருவோர் கடக்கும் டோல்மா கணவாயோ 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. ஸ்ரீ விருஷப தேவர் முத்தியடைந்த திருமலை என்று நம் மரபு போற்றும் கயிலையைத் தரிசிக்க நம் குடும்பத்தினரும் விழைகின்றனர். ஆதலின் உயர்மலை நோயைப் பற்றி அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நோயின் காரணம்

மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. எங்கும் அது நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தமே. 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியே.

உடல் இதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மூச்சு விரைவாகிறது, அதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் சரிசெய்கின்றன. இவ்வாறு உடல் பழகுவதற்குள் விரைந்து ஏறுவதே நோய்க்கு முதற்காரணம். 1962ஆம் ஆண்டு எல்லைப் போரின்போது சமவெளியிலிருந்து திடீரென இமயத்திற்கு அனுப்பப்பட்ட நம் படைவீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங் முதலிய நம் இராணுவ மருத்துவர்கள் எழுதிய ஆய்வு 1969இல் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. இளமையும் உடல்வலிமையும் இந்நோய்க்குக் காப்பாகா என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அறிகுறிகள்

2,500 மீட்டருக்கு மேல் சென்ற சில மணி நேரத்தில் தலைவலி தோன்றும். அதனுடன் குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல் ஆகியன சேர்ந்தால் அது உயர்மலை நோயே எனக் கொள்ளல் வேண்டும்.

முற்றினால் இருவகைக் கேடு விளையும். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறும், இருமல் வரும், சளி நுரைத்து இளஞ்சிவப்பாக வெளிப்படலாம். மற்றொன்று, மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சும் அறிவும் தடுமாறும். நேர்க்கோட்டில் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நடக்கச் சொல்லிப் பார்த்தால் தள்ளாட்டம் புலப்படும். இவ்விரண்டும் உயிரைப் பறிக்க வல்லவை.

தடுக்கும் வழிகள்

1. லே போன்ற இடத்திற்கு விமானத்தில் சென்றால் முதல் இரண்டு நாட்களேனும் ஓய்வு கொள்க.

2. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டற்க. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குக.

3. மதுவும் தூக்க மருந்தும் மூச்சைத் தளர்த்தும், விலக்குக.

4. அசிட்டசோலமைடு என்னும் மருந்து உடல் விரைவில் பழகத் துணைசெய்யும். ஏறுவதற்கு முதல்நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரக நோயுள்ளவர்களும் இருப்பதால், மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

5. இரவில் உண்ணாத நம்மவர் பகலிலேயே போதிய நீரும் உணவும் கொள்க. நீரும் அருந்தா உபவாசத்தைச் சமவெளிக்குத் திரும்பியபின் நோற்கலாம். நீர் மிகுதியாகக் குடித்தால் நோயே வராது என்பதும் உண்மையன்று.

நோய் வந்தபின்

தலைவலி இலேசாயின் அங்கேயே தங்குக; அது தீரும்வரை மேலே ஏறற்க. குறையாவிடில் இறங்குக. மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ கண்டால், நள்ளிரவாயினும் உடனே இறங்குதல் வேண்டும். 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலும் நலம் தெரியும். பிராணவாயு உருளை உயிர் காக்கும். டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் முதலிய மருந்துகளை மருத்துவர் தருவர். அவை இறங்குவதற்கு ஈடாகா. கற்பூரத்தை முகர்ந்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை. அது இரத்தத்தில் பிராணவாயுவைக் கூட்டாது. திபெத்து மேட்டுநிலத்தில் சற்றே இறங்குவதற்கும் நெடுந்தூரம் செல்ல நேரும். ஆதலின் அங்கு முடிவை முன்னதாகவே எடுத்தல் நன்று.

மறைத்தல் கூடாது

எம் உறவினரான அம்மையார் ஒருவர் லே சென்ற முதல் இரவே தலைவலியால் வருந்தினார். தம்மால் மற்றவர் பயணம் கெடுமே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் கணவாயில் இறங்கியபோது கால்கள் தள்ளாடின. அதனைக் கண்ட வண்டியோட்டி ஒரு கணமும் தாழ்த்தாமல் வண்டியைத் திருப்பினார். லே மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தபின் அம்மையார் தேறினார். பிறர்க்குத் துன்பம் தரலாகாது என்று அவர் மறைத்தது, உடன் சென்ற அனைவர்க்கும் பெருந்துன்பமாக முடிய இருந்தது.

நடுவண் அரசு நடத்தும் கயிலை யாத்திரைக்கு 70 வயதே மேல்வரம்பு. எமக்கு அவ்வாய்ப்புக் கடந்துவிட்டது. செல்லும் இளையோர்க்கு நாம் கூறுவது இது: எவ்வுயிர்க்கும் இரங்குக என்று பயின்ற நாம், நம்மோடு நடப்பவர் உயிர்க்கும் நம் உயிர்க்கும் இரங்குதல் வேண்டும். பாதி வழியில் திரும்புதல் தோல்வியன்று. மலை அங்கேயே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மலையுச்சியில் குறைவது பிராணவாயுவின் விகிதமா, காற்றின் அழுத்தமா?

2. உடனே இறங்க வேண்டிய அறிகுறிகள் யாவை?

3. உடன்வருபவர் தலைவலியை மறைக்கிறார் என ஐயுற்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் அனைவரும் கூடிப் பேசுக.