எடைமேடை எக்ஸ்பிக்கு நெட் வேணுமா?

எடைமேடைக்குப் பக்கத்து ரூமில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற அரிசி ஆலை நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் உண்டு, தங்கச்சி. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8. ஆனால் இன்டிகேட்டரிலிருந்து எடை வருவது காம் போர்ட் வழியாக. அதை வாங்கிப் பதிகிற எடை சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஏறாது, எழுதினவர் இப்போது போனை எடுப்பதில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் சலிக்காமல் மூணு காப்பி அடிக்கும். தை, மாசியில் சம்பா நெல் லோடு ராத்திரியில் வரிசை கட்டி நிற்கும்போது இதை மாற்ற எந்த முதலாளிக்கும் மனசு வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அதே முதலாளிக்கு எடைச்சீட்டு உடனுக்குடன் மெயிலில் வரணும். “ஒரு ப்ராக்ஸி போட்டுக்கலாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போடலாம். ஆனால் ப்ராக்ஸி போட்டதால் பழைய மெஷின் புதுசாகிவிடாது. முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

பாதுகாப்பான தளத்துக்குப் போகும்போது, உன் மெஷின் ப்ராக்ஸியிடம் “இன்ன சர்வருக்கு வழி விடு” என்று மட்டும்தான் கேட்கும். அது சீல் வைத்த கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆபீஸ் பையன். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று பார்க்க மாட்டான், திருத்தவும் மாட்டான். டிஎல்எஸ் என்கிற பூட்டை எக்ஸ்பியே போட்டாகணும். எக்ஸ்பிக்குத் தெரிந்தது 1999-ல் வந்த 1.0 வரைதான். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போது குறைந்தபட்சம் 1.2 கேட்பார்கள். ஆலையில் விண்டோஸ் 7 மெஷினும் இருந்தால், அதில் 1.2 உள்ளேயே இருக்கு, ஆனால் சில சாஃப்ட்வேருக்கு அது கிடைக்க கேபி3140245 என்ற அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றமும் வேணும். பிரவுசர் மட்டும் போதுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் தன் பூட்டைத் தானே கொண்டுவரும்: எக்ஸ்பிக்குக் கடைசிப் பதிப்பு 52, விண்டோஸ் 7-க்கு 115. குரோம் என்றால் விண்டோஸ் 7-க்கு 109-தான் கடைசி.

அப்படியானால் ப்ராக்ஸி எதுக்கு? பழைய மெஷினை வெளியுலகத்திடமிருந்து ஒதுக்கி வைக்க. எக்ஸ்பியின் நெட்வொர்க் செட்டிங்கில் ஐபி எண்ணைக் கையால் கொடு. டிஃபால்ட் கேட்வேயைக் காலியாக விடு, டிஎன்எஸ்ஸையும் விடு. இனி அது ஆலைக்குள் இருக்கிற மெஷின்களிடம் மட்டும்தான் பேசும். வெளியே போக ஒரே வழி ப்ராக்ஸி. தளத்தின் பெயரை விசாரித்துக் கண்டுபிடிக்கிற வேலையையும் ப்ராக்ஸியே பார்த்துக்கொள்ளும்.

ப்ராக்ஸிக்கு லினக்ஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி போதும். அதில் ஸ்க்விட் போடு. இலவசம்; 1990-களிலிருந்து ஓடுகிற சரக்கு; வழக்கமான போர்ட் 3128. கான்ஃபிக் ஃபைலில் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, ஆலைக்குள்ளிருக்கும் 192.168 எண்களுக்கு மட்டும் அனுமதி. இன்னொன்று, பழைய மெஷின் போகக்கூடிய தளங்களின் பட்டியல். அதில் இல்லாதது எல்லாம் மறுப்பு. பட்டியலில் தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதன் கிளைத் தளங்களும் சேர்ந்து வரும். ரவுட்டரில் 3128-ஐ வெளியே திறந்துவிடாதே. திறந்தால் யார் யாரோ உன் லைன் வழியாகப் போவார்கள், போலீஸ் விசாரித்தால் உன் ஆலை முகவரிதான் தெரியும். இணையத்தில் சும்மா கிடைக்கிற இலவச ப்ராக்ஸி முகவரியை ஆபீஸ் மெஷினில் போடவே போடாதே.

“பிரவுசரில் வருது, டேலியில் வரல அக்கா” என்று போன் வரும். விண்டோஸில் ப்ராக்ஸியை எழுத ஒரே இடம் இல்லை. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் கொடுப்பது ஒன்று; பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் பார்ப்பது வேறொன்று. அதை விண்டோஸ் 7-ல் நெட்ஷ் கமாண்டாலும், எக்ஸ்பியில் ப்ராக்ஸிசிஎஃப்ஜி கமாண்டாலும் கொடுக்கணும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி, கணக்கு சாஃப்ட்வேரான டேலிக்குள்ளும் தனி. கணக்கு மெஷினையும் ப்ராக்ஸி வழியாக விட்டால் 127.0.0.1-ஐ விலக்குப் பட்டியலில் சேர். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான எம்சைனர் உன் மெஷினுக்குள்ளேயே பேசிக்கொள்கிற சாமான். அந்தப் பேச்சு ப்ராக்ஸிக்குப் போனால் கையெழுத்து விழாது.

மெயில் கதை வேறு. எடை சாஃப்ட்வேர் அனுப்புகிற மெயிலை ஸ்க்விட் சுமக்காது. அதே பெட்டியில் ஸ்டன்னல் என்ற சாஃப்ட்வேரைப் போடு. எக்ஸ்பி அதனிடம் பூட்டில்லாமல் கொடுக்கும். ஸ்டன்னல் புதுப் பூட்டைப் போட்டு ஜிமெயிலின் 465-ஆம் போர்ட்டில் சேர்க்கும். மேலே சொன்ன ஆபீஸ் பையனால் முடியாததை இது செய்யும். 2022 மே 30-க்குப் பிறகு சாதா பாஸ்வேர்டை ஜிமெயில் இதுக்கு ஏற்பதில்லை, ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும். ஆலைக்குள் அந்தப் பாஸ்வேர்டு திறந்தபடி போவதால், எடைச்சீட்டுக்கென்றே தனி மெயில் ஐடி வைத்துக்கொள். முதலாளியின் சொந்த ஐடி வேண்டாம்.

லாரியில் சரக்கு அனுப்ப எடுக்கிற ஈவே பில்லை மட்டும் எக்ஸ்பியில் எடுக்காதே. 25 கிலோ வரை பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18-லிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி, அதனால் பெரிய லோடுக்கு ஈவே பில்லும் வேணும். (26 கிலோ சிப்பம் கடைக்கு வந்த ரகசியம் அதுதான்!) பில் போடுகிற வேலை புது மெஷினுக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் ஈவே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம் வேறு. ஓடிபி முதலாளி போனுக்குப் போய், அவர் வயலில் இருந்தால் லாரி நிற்கும். உன் எண்ணைக் கொடுத்து ஒரு சப் யூசர் உண்டாக்கிக்கொள்.

இத்தனையும் சரியாக இருந்தும் “சர்டிபிகேட் செல்லாது” என்று வருதா? முதலில் கடிகாரத்தைப் பார். கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. டீ, வடை செலவில் முடியும். தேதி சரியாக இருந்தால், மெஷினுக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30-ல் அப்படி ஒன்று முடிந்து உலகம் முழுக்கப் பழைய மெஷின்கள் முழித்தன. புதுச் சான்றிதழைப் புது மெஷினில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்று. பென்டிரைவை முதலில் ஸ்கேன் பண்ணு.

இந்த வேலையை சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நெல் வருவதற்கு நிறைய நாள் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன்னால் எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு க்ளோன் எடுத்து, தவிட்டுத் தூசி படாத இடத்தில் வை. பழைய போர்டில் ஐடிஇ கேபிள்தான் இருக்கும், அதுக்கான கன்வெர்டரையும் சேர்த்து வாங்கிவிடு.