நைரோபி போகும் மருமகளுக்கு

திண்டிவனம்

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

நைரோபியில் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்ததை அக்கா போனில் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். ஆப்பிரிக்கா என்றதும் விழுப்புரத்தில் வீடே கலங்கிப்போயிருக்கிறது என்பதும் அவள் குரலிலேயே தெரிந்தது. நைரோபியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயந்துகொண்டு அறைக்குள் அடைந்து கிடக்காதே. விவரம் தெரிந்துகொண்டு வெளியே போ.

முதலில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதே. துணிமணியை பிளாஸ்டிக் கவரில் கட்டாதே. 2017 முதல் கென்யாவில் அதற்குத் தடை; துணிப்பை எடுத்துப் போ.

இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி, எம்-பெசா கணக்கும் தொடங்கு. 2007-இல் வந்த இந்தப் போன் பணம்தான் அங்கே காய்கறிக்காரம்மா முதல் டாக்சிக்காரர் வரை எல்லோரும் வாங்குவது. நம் ஜிபேயை நம்பிப் போகாதே.

ஊருக்குள் ஓடும் தனியார் வேன், மினி பஸ்ஸுக்கு மட்டாட்டு என்று பெயர். நம் அரசு டவுன் பஸ்ஸில் நெரிசலுக்கோ மழைக்கோ கட்டணம் ஏறாது. மட்டாட்டுவில் அப்படியில்லை, காலை மாலை நெரிசலில் ஏறும், மழை பெய்தால் இன்னும் ஏறும். ஏறுமுன் கண்டக்டரிடம் கட்டணம் கேள், சில்லறையாக வைத்துக்கொள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கையில் வைத்திருக்காதே, வெளியிலிருந்து பறித்துவிடுவார்கள். பகலில் மட்டாட்டு, இருட்டினால் ஊபர் அல்லது போல்ட். வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏறு. போடா போடா என்னும் பைக் டாக்சியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறவே ஏறாதே.

மொம்பாசாவுக்கு ரயிலில் போக ஆசைப்பட்டால், புது ரயில் புறப்படுவது நகரத்துக்கு வெளியே, சியோகிமாவுவில். சென்னை போகிறவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்குவதைப் போல, அந்த நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே தனியாக ஒரு பயணம் இருக்கிறது. நேரம் ஒதுக்கிக்கொள்.

யாராவது சுவாஹிலியில் மணி சொன்னால் நின்று கேள். சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது அவர்கள் கணக்கு. காலை 7 மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. ஆங்கிலத்தில் கேட்டு உறுதி செய்துகொள்.

நைரோபி என்ற ஊரே 1899-இல் ரயில் பாதை போடும்போது உருவானது. அந்தப் பாதையைப் போட நம் நாட்டிலிருந்து போன கூலியாட்கள் சுமார் 32,000 பேர். அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்களையும் மற்ற இந்திய வம்சாவளியினரையும் கென்ய அரசு 2017-இல் தன் நாட்டின் 44-ஆவது இனமாக ஏற்றுக்கொண்டது. பார்க்லேண்ட்ஸ் பக்கம் போனால் கோயிலும் இருக்கும், சைவச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. கென்யர்களோடு பழகு, வழி கேட்டால் மரியாதையாகச் சொல்வார்கள், நீயும் வணக்கம் சொல்லிவிட்டுக் கேள்.

நம் நேரத்துக்கு அந்த ஊர் இரண்டரை மணி நேரம் பின்னால். நீ இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. அக்கா தூங்காமல் காத்திருப்பாள். தினமும் சாயங்காலமே அவளிடம் பேசிவிடு.

அன்புடன்,
உன் மாமா