மணிலா விதையைக் காக்கும் மகளிர் குழு: நிலைத்து நிற்கும் கிராமத் தொழில்

செஞ்சிச் சீமையில் அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல் விளைகிறது. செம்மண் மேட்டு நிலங்களில் மணிலா முக்கியப் பயிர். மல்லாட்டை என்றும் நிலக்கடலை என்றும் அழைக்கப்படுவதும் இதுவே. இப்பயிரின் சாகுபடிச் செலவில் பெரும் பங்கு விதைக்கே போய்விடுகிறது. அறுவடைக் காலத்தில் கடனை அடைப்பதற்காகக் காய் முழுவதையும் விற்றுவிடும் சிறு விவசாயி, விதைப்புக் காலம் வந்ததும் அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து விதைப் பருப்பு வாங்க வேண்டியதாகிறது. அப்படி வாங்கும் பருப்பு எந்த ரகம், எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது, முளைக்குமா முளைக்காதா என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

செடி பிடுங்குவது, காய் ஆய்வது, உலர்த்துவது, உடைப்பது, பருப்புப் பொறுக்குவது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். விதையின் தரம் தீர்மானிக்கப்படுவது இந்த வேலைகளில்தான். ஆயினும் இதற்காக அவர்களுக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. விதையின் லாபம் வேறு கைக்குச் செல்கிறது. இந்த விதைத் தொழிலை மகளிர் சுய உதவிக் குழுக்களே ஏற்று நடத்தினால் ஊரின் பணம் ஊரிலேயே நிற்கும். நிலத்துக்கும் நல்ல விதை கிடைக்கும்.

முன்னோடிப் பெண்கள்

இது புதிய யோசனை அல்ல. தெலங்கானா மாநிலம் சங்காரெட்டி மாவட்டத்தில் ஜகீராபாத் வட்டாரம் இருக்கிறது. மழையை நம்பிய வறண்ட பகுதி அது. அங்கு 1983-ல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் ஆதரவில், பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஏழைப் பெண் விவசாயிகள் ஊர்தோறும் சங்கம் அமைத்தனர். சோளம், கம்பு, தினை, பயறு வகைகள் ஆகியவற்றின் விதைகளைத் தங்கள் வீடுகளிலேயே சேமித்தனர். விதை இல்லாதவருக்குச் சங்கம் விதை கொடுக்கும். வாங்கியவர் அறுவடைக்குப் பின் சற்றுக் கூடுதலாக விதையாகவே திருப்பித் தருவார். அடுத்த ஆண்டு அது இன்னொரு குடும்பத்துக்குப் போகும். 1990-களில் இப்பெண்கள் தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திப் பயிர் செய்து, ஊருக்கென்று தானிய இருப்பும் ஏற்படுத்தினர். இப்பணிக்காக 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இச்சங்கத்துக்குக் கிடைத்தது.

மகாராஷ்டிர மாநிலம் அகோலே வட்டத்தைச் சேர்ந்த ரஹிபாய் போபரே பள்ளிக்கூடம் சென்றதில்லை. நாட்டு அவரை, காய்கறி, நெல் விதைகளைச் சேகரித்து, விதை வங்கி நடத்தி, பிற பெண்களுக்கும் அக்கலையைக் கற்றுக் கொடுத்தார். 2020-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு இடங்களிலும் பெண்கள் பெரிய முதலீட்டுடன் தொடங்கவில்லை. விதையே முதலாக இருந்தது. கொடுத்த விதை முளைக்கும் என்ற நம்பிக்கையே தொழிலை வளர்த்தது.

மணிலாவுக்கு இது பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். மணிலா தன் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. எனவே ரகம் எளிதில் கலப்பதில்லை. பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் 3 மீட்டர் இடைவெளி விட்டாலே விதைப் பயிருக்குப் போதும். வீரிய ஒட்டு விதையைப் போல ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. செஞ்சிக்கு அடுத்த திண்டிவனத்திலேயே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்ற எழுத்துகளுடன் வரும் ரகங்கள் அங்கிருந்து வந்தவையே. முதல் முறை நம்பகமான ஆதார விதை அல்லது சான்று விதை வாங்கித் தொடங்குவது நல்லது.

மார்கழி, தை மாதங்களில் விதைக்கும் இறவைப் பயிர் பங்குனி, சித்திரையில் அறுவடைக்கு வரும். அப்போது வெயில் இருப்பதால் காய் நன்கு உலரும். அந்தக் காயை மூன்று மாதம் காப்பாற்றினால் ஆனி, ஆடி மானாவாரி விதைப்புக்கு விதை தயார். ஆனால் மானாவாரிப் பயிரின் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வதுண்டு. ஆகவே மார்கழிப் பட்டத்துக்கான விதையை உலர்த்துவதில் கூடுதல் கவனம் தேவை.

விதைக் காயைப் பக்குவப்படுத்தும் முறை

1. வயலில் பூக்கும் பருவத்திலும், அறுவடைக்கு முன்பும் சுற்றிப் பார்த்து, வேறு ரகச் செடிகளையும் நோய் கண்ட செடிகளையும் பிடுங்கிவிட வேண்டும்.

2. சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேற்பட்ட காய்களில் ஓட்டின் உட்புறம் கரும்பழுப்பாக மாறியிருந்தால் அறுவடை செய்யலாம். தாமதித்தால் கொத்து ரகங்கள் மண்ணிலேயே முளைத்துவிடும்.

3. ஆய்ந்த காயை மெல்லிய பரப்பாகப் பரப்பி, இளவெயிலிலும் நிழலிலும் உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் சுடுதளத்தில் காய வைத்தால் முளைப்பு கெடும். ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

4. உடைந்தவை, பூச்சி துளைத்தவை, பூசணம் பிடித்தவை, சூம்பியவை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அதை உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

5. பருப்பாக அல்லாமல் காயாகவே சேமிக்க வேண்டும். ஓடுதான் பருப்புக்குக் கவசம். சுத்தமான சாக்கில் கட்டி, சுவரில் படாமல், மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். உர மூட்டைகளுக்கும் பூச்சி மருந்துக்கும் அருகில் வைக்கக் கூடாது.

6. விதைப்புக்குச் சில நாள் முன்புதான் கையால் உடைக்க வேண்டும். பருப்பின் தோல் உரிந்தாலும் பிளந்தாலும் அது விதைக்கு உதவாது.

குழுவின் கணக்கு

ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு தேவை. கழிவு போக இதற்கு 80 கிலோ காய் ஒதுக்கினால் சரியாக இருக்கும். ஒரு குழுவில் 12 பேர் அறுவடையின்போது ஆளுக்கு 80 கிலோ ஒதுக்கினால் 960 கிலோ சேரும். அது 12 ஏக்கருக்கு விதை. விதை பெற்றவர் அறுவடைக்குப் பின் 80 கிலோவுக்கு 100 கிலோ காய் திருப்பித் தருவது என்று வைத்துக் கொண்டால் இருப்பு 1,200 கிலோவாகும். அது 15 ஏக்கருக்குப் போதும். மேலும் ஒரு சுற்று சென்றால் 1,500 கிலோ. உறுப்பினர் தேவைக்குப் போக மீதியை அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு விற்கலாம்.

மழை பொய்த்த ஆண்டில் வாங்கிய அளவை மட்டும் திருப்பினால் போதும், விளைச்சலே இல்லாதவருக்கு அடுத்த பட்டம் வரை தவணை என்ற விதியை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். பஞ்சத்தில் கழுத்தை நெரிக்கும் தொழில் ஊரில் நிலைக்காது.

ஒவ்வொரு மூட்டையிலும் கொடுத்தவர் பெயர், ரகம், அறுவடைத் தேதி எழுதிய சீட்டு இருக்க வேண்டும். வரவு, கொடுத்தது, திரும்பியது ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். குழுவின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் அதை வாசிக்க வேண்டும். தமிழகத்தில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு இயக்கம் பெண்களுக்குச் சேமிப்புப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் பழக்கப்படுத்தியுள்ளது. விதைக் கணக்கு அவர்களுக்குக் கடினமாக இராது.

முளைப்புச் சோதனையே தலைமைக்குச் சோதனை

விதை கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பு, பல மூட்டைகளிலிருந்து காய் எடுத்து உடைத்து, 100 பருப்புகளை எண்ணி ஈர மணலில் ஊன்ற வேண்டும். பத்தாம் நாள் நல்ல நாற்றுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். சான்று விதைக்கு 70 சதவீத முளைப்பு குறைந்தபட்ச அளவாகும். அதற்குக் கீழே வந்தால் அந்த இருப்பை விதையாகக் கொடுக்கக் கூடாது. நல்ல காயாக இருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எண்ணெய்க் கடலையாக விற்றுவிட வேண்டும்.

இது எளிய காரியம் அல்ல. விதை விலைக்கும் எண்ணெய்க் கடலை விலைக்கும் உள்ள வித்தியாசம் குழுவுக்கு நஷ்டம். "நம் ஊராருக்குத்தானே, கொடுத்துவிடலாம்" என்று உறுப்பினர்களே சொல்லக் கூடும். அப்போது மறுத்து நிற்பவரே தலைவி. முளைக்காத விதையை வாங்கியவருக்கு உழவுச் செலவும், கூலியும், ஒரு பட்டமும் போய்விடும். ஒருமுறை ஏமாந்த ஊர் மறுமுறை குழுவிடம் வராது.

விதைக்கும் முன் கிலோ பருப்புக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்தால் வேரழுகல் குறையும். அதன்பின் ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து விதைக்கலாம். கடலையை அடுத்துக் கம்பு அல்லது கேழ்வரகு போன்ற தானியப் பயிரை மாற்றிப் பயிரிட்டால் மண்ணிலுள்ள நோய்களும் மட்டுப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், மீண்டும் விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பெயர் அச்சிட்ட பைகளில் முத்திரை விதையாக விற்க உரிமை இல்லை. சான்று விதையாக விற்க விரும்பும் குழு, விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையில் வயலைப் பதிவு செய்து, உரிய உரிமமும் பெற வேண்டும். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் இதற்கான வழிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் ஆண்டிலேயே பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. வரும் அறுவடையில் ஐந்தாறு பெண்கள் ஆளுக்கு ஓர் ஏக்கருக்கான காயை விற்காமல் ஒதுக்கி, மேற்கண்ட முறையில் காத்து, முளைப்புச் சோதனை செய்து பார்க்கலாம். அது தேறினால் அடுத்த பட்டத்துக்கு அந்த ஐந்தாறு குடும்பங்கள் கடன் வாங்காமல் விதைக்கும். அதைக் காணும் மற்றவர்களும் குழுவில் சேர முன்வருவர்.