ஒரே மேசை, பல வயதுப் பிள்ளைகள்



கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல் நாளே பேரேட்டைக் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்வோமா? சொல்லமாட்டோம். முதலில் பொட்டலம் மடிப்பான். பிறகு தராசு பிடிப்பான். அதன் பிறகே கல்லாவில் அமர்வான். ஒருவன் ஆறு மாதத்தில் கற்பதை மற்றொருவன் ஓராண்டில் கற்பான். அதற்காக அவனை உதவாதவன் என்று நாம் தள்ளிவிடுவதில்லை. கடையில் நமக்குள்ள இந்தப் பொறுமை, வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது எங்கே போய்விடுகிறது?

பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. நம் வீட்டிலேயே நேர்ந்தது இது. சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் அனுமதி பெற்று, பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன், ஆறு வயது இளையவன் ஆகிய மூவருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தினோம். மகள் ஒருமுறை படித்ததை மறவாள். நடுப்பிள்ளையோ எழுத்துக் கூட்டவே தடுமாறினான். "ராத்தாவைப் பார்த்துப் படி" என்று நாள்தோறும் சொன்னோம். ஒருநாள் அவனுடைய வாசிப்புப் புத்தகம் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. அவனே ஒளித்து வைத்திருந்தான். மனக்கணக்கில் நம்மையே முந்துகின்ற பிள்ளை! தன்னை மக்கு என்று அவன் எண்ணும்படி செய்தது நம்முடைய நாக்குதான். அன்றே முறையை மாற்றினோம். அம்முறை இது:

முதலாவது, பாடம் ஒன்று; பங்கு வேறு. ஒரு கதையை மூவருக்கும் சேர்த்து உரக்கப் படிக்கவேண்டும். இளையவன் அதை வாயால் திருப்பிச் சொல்லட்டும். நடுவன் ஐந்து வாக்கியம் எழுதட்டும். மூத்தவள் அக்கதையை ஊரிலுள்ள நன்னாவுக்குக் கடிதமாக எழுதட்டும்.

இரண்டாவது, முறை வைத்து அமர்தல். கணக்கும் இலக்கணமும் எல்லோருக்கும் ஒன்றாக நடவா. சிறியவனுக்குப் பொறுமை குறைவு. ஆகவே அவனோடு முதலில் இருபது நிமிடம். அந்நேரம் மற்ற இருவரும் தனித்துச் செய்யக்கூடிய வேலையைச் செய்யட்டும். பிறகு நடுவன், அதன்பின் மூத்தவள். தன் முறை வரும் என்று தெரிந்த பிள்ளை இடையில் வந்து தொல்லை செய்யாது.

மூன்றாவது, மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்தல். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் இது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதையே தம் இல்லத்திலும் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-ல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை இங்கிலாந்தில் "மதராஸ் முறை" என்றே பெயர் பெற்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மூத்த பிள்ளையைச் சம்பளமில்லாத வாத்தியார் ஆக்கிவிடக் கூடாது. நாளுக்குக் கால்மணி நேரம் போதும்.

நான்காவது, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இன்று எத்தனை வரி தடையின்றிப் படித்தான் என்று எழுதி வைக்கவேண்டும். அவனது இன்றைய வரவை அவனது நேற்றைய வரவோடு மட்டுமே ஒப்பிடவேண்டும். ஒருவர் கடை லாபத்தை அடுத்த கடைப் பேரேட்டில் யாரும் பார்ப்பதில்லையே! பல மாதம் முயன்றும் எழுத்து பிடிபடவில்லையென்றால், அது சோம்பல் அன்று. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். தக்கவரிடம் காட்டிச் சோதிப்பதில் வெட்கமில்லை.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. சிங்கப்பூரில் 2000-ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் 2003-ல் நடப்புக்கு வந்தது. தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்க முன்கூட்டியே விலக்குப் பெறவேண்டும்; பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதி, குறித்த தரத்தை எட்டவும் வேண்டும். மலேசியாவிலும் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லும் வீட்டாருக்கும் மேற்கண்ட முறை பொருந்தும்.

கடை அடைத்து வர இரவாகிவிடுகிறது, எல்லாம் உம்மாவின் தலையில்தான் என்பீர்கள். மெய்தான். ஆயினும் கடை விடுமுறை நாளில் அரைமணி நேரம் அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்க்க நம்மால் முடியாதா? பார்த்து, ஏறிய ஒரு வரியையாவது புகழ்ந்து சொல்லுங்கள்.

நம் நடுப்பிள்ளை இன்றும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால் தம்பியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்த அதே புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்துக் காட்டுகிறான். நமக்கு இந்த லாபம் போதும்.